புறவினத்தாரும் புறச்சமயத்தாரும்

சமயம் என்பது உயிர் இறைவனை அடைதற்குரிய நெறியாகும். நெறி என்று ஒன்று உளதாயின், அதன்கண் நிற்போரும் நில்லாதோரும் என இருதிறத்தார் உளராதல் இயல்பு. ஆதலின் ஒவ்வொரு சமயமும் தன் அகத்தார் யாவர், புறத்தார் யாவர் என்பதனை வரையறுத்தே நிற்கும். அவ்வரையறை அகத்தார்க்குரிய கடமையை உணர்த்துவதோ, புறத்தார்க்குத் திருவருட் பேறு இன்று என உணர்த்துவதோ என்பது ஆராயத்தக்கது. இவ்விரண்டையும் ஒன்றென மயங்கினமையால் உலகில் விளைந்த தீங்குகள் பல.

இவ்வாராய்ச்சிக்கு யூதர் சமயம் பெரிதும் துணைபுரியும். புறத்தாரைப் பற்றித் தனியே விதி வகுத்து, அவ்விதிகளைப் பல நூற்றாண்டுகளாக வாதித்து வந்த சமயம் அது. தம் இனத்தவரல்லாத மக்களை அவர்கள் எபிரேய மொழியிற் ‘கோயீம்’ என்பர். ‘இனங்கள்’ என்பதே அச்சொல்லின் முதற்பொருள். பின்னர் அது யூதரல்லாதார்க்குப் பெயராயிற்று. தமிழில் அதனைப் புறவினத்தார் எனவும் புறஜாதியார் எனவும் மொழிபெயர்த்து வழங்குவர். நம் நூல்களில் வழங்கும் புறச்சமயத்தார் என்னும் சொல்லோடு இஃது ஒத்து ஒலிக்கின்றது. பொருளும் ஒக்குமோ என்பதனையே இங்கு ஆராயப் புகுந்தனம்.

கொங்குப் பெருவழியும் முயிரிக்கோடும்

எங்கோ இருந்த ஒரு சமயத்தைப் பற்றிய ஆராய்ச்சி நமக்கு எற்றுக்கு எனின், கூறுதும். கொங்குநாட்டின் மேற்கு வாயில் பாலக்காட்டுக் கணவாய். கருவூரினின்று நொய்யற்கரையிலுள்ள கொடுமணல், வெள்ளலூர் வழியாக மேலைக் கடற்கரைக்குச் செல்லும் பெருவழி பழைமையானது. வெள்ளலூரிற் கிடைத்த உரோமர் நாணயங்கள் அதற்குச் சான்று. அவ்வழியின் மேலைக் கோடியில் இருந்தது முயிரிக்கோடு எனவும் மகோதை எனவும் வழங்கப்பெற்ற கொடுங்கோளூர்.

சைவர்க்கு அவ்வூர் புதியதன்று. மலைநாட்டுப் பாடல்பெற்ற தலமாகிய திருவஞ்சைக்களம் அங்கேதான் உள்ளது. சேரமான்பெருமாள் நாயனாரைக் கண்டு பொன்னும் மணியும் பெற்று மீண்ட சுந்தரமூர்த்தி சுவாமிகள், சிவபூதங்கள் வேடுவராய் வந்து அவற்றைக் கவரக் கண்டது கொங்கிலுள்ள திருமுருகன்பூண்டியில். மறுமுறை அவரைக் காணச் செல்லும் வழியில், முதலையுண்ட பாலனை மீட்டருளியது அவிநாசியில். ஈற்றில் இருவரும் கயிலை சென்றது அவ்வஞ்சைக்களத்தினின்றே.

அந்நகரிலேயே, ஏறத்தாழக் கி. பி. 1000-இல், சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஈசுப்பு இரப்பான் என்னும் யூத வணிகர்தலைவனுக்கு ஒரு செப்பேடு அளித்தான். வட்டெழுத்தில் எழுதப்பெற்ற அவ்வேடு, அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவின் உரிமையோடு எழுபத்திரண்டு சிறப்புரிமைகளையும் அவனுக்கு வழங்குகின்றது. பகல்விளக்கு, நடைபாவாடை, பல்லக்கு, குடை, பறை, காளம், தோரணம் முதலியன அவற்றுட் சில, சுங்கவிலக்கும் உண்டு. அவன் மக்கள், மருமக்கள் ஆகிய வழித்தோன்றல்களுக்கும் அவ்வுரிமை தொடர்கின்றது. சான்றாக நின்ற நாட்டுத் தலைவர்களுள் நெடும்புறையூர்நாட்டை ஆண்டவனும் ஒருவன். அந்நாடு இன்றைய பாலக்காட்டுப் பகுதி. கொங்கின் எல்லையை அடுத்தது.

இதற்கு முன்னரே, கி. பி. 849-இல் கொல்லத்துக் கிறித்தவர் பள்ளிக்கு அளிக்கப்பெற்ற செப்பேட்டில் எபிரேய எழுத்திற் கையொப்பமிட்ட சான்றாளர் உளர். சேந்தமங்கலத்தில் 1269-ஆம் ஆண்டின் எபிரேயக் கல்லறைக் கல்வெட்டு ஒன்றும் உண்டு. பிற்காலத்திற் கொச்சி அரசர் தம் மட்டாஞ்சேரி அரண்மனையை அடுத்தே யூதர்க்கு இடமளிக்க, 1568-இல் அங்கே அவர்கள் தொழுகைக்கூடம் எழுந்தது. அரண்மனைப் பகவதி கோயிலும் யூதர் தொழுகைக்கூடமும் அண்டையில் நின்றன.

இங்கு ஒரு நுட்பம் நோக்கற்பாலது. யூதர் கணக்கில் அம்மன்னர் புறவினத்தார். நம் கணக்கில் அவ்யூதர் புறச்சமயத்தார். இருசாராரும் தத்தம் வரையறையை விடாமலே ஆயிரம் ஆண்டு அண்டை அயலாராய் வாழ்ந்தனர். வரையறை உளதாயின் பகையும் உளதாகும் என்னும் கூற்று இதனாற் பொய்ப்படுகின்றது. அவ்வாழ்வுக்கு இடந்தந்த கொள்கை யாது என அவர்கள் நூல்களை முதற்கண் நோக்குவோம்.

உடன்படிக்கையும் ஏழு கட்டளைகளும்

யூதர் மதத்தின் அடிப்படை, இறைவன் ஆபிரகாமின் மரபினரோடு செய்த உடன்படிக்கை. சீனாய் மலையில் மோசேயின் வாயிலாக அருளப்பெற்ற தோராவில் அறுநூற்றுப் பதின்மூன்று கட்டளைகள் உள என அவர்தம் ஆசாரியர் எண்ணுவர். விதி 248, விலக்கு 365. இவை யூதர்க்கே உரியன. ஏனையோர் இவற்றைக் கைக்கொள்ளாமை அவர்க்குக் குற்றமாகாது.

அற்றேல் ஏனையோர்க்கு இறைவன் ஒன்றும் விதித்திலனோ எனின், விதித்தான் என்பதே அவர்கள் விடை. ஊழி வெள்ளத்திற் பிழைத்த நோவாவின் வழியினரே மனிதர் அனைவரும். அவர்கள் எல்லார்க்கும் பொதுவாக ஏழு கட்டளைகள் உள என்பது தால்முது என்னும் நூற்றொகுதியின் கொள்கை. பிற தெய்வ வழிபாட்டை ஒழிதல், இறைவனைப் பழியாமை, கொல்லாமை, முறையற்ற புணர்ச்சி நீங்குதல், களவு ஒழிதல், உயிரோடிருக்கும் விலங்கின் உறுப்பை அறுத்து உண்ணாமை, நீதிமன்றங்களை நிறுவுதல் என்பன அவை. இவ்வேழினையும் கைக்கொண்ட புறவினத்தான் யூதனாக வேண்டுவதில்லை. தன் நிலையிலேயே நின்று நன்மகன் எனப்படுவான்.

அவனுக்கு மறுமை உண்டோ? இவ்வினாவைக் குறித்துப் பழைய ஆசாரியர் இருவர் மாறுபட்டனர். எலியேசர் என்பார், புறவினத்தார்க்கு வரும் உலகிற் பங்கில்லை என்றார். யோசுவா என்பார், அவ்வினங்களிலுள்ள நல்லோர்க்குப் பங்குண்டு என்றார். பிற்காலத்து நிலைபெற்றது யோசுவாவின் கொள்கையே.

அவர்தம் மறைநூலிலும் இதற்கு இடமுண்டு. தாவீது அரசனின் முன்னோளாகிய ரூத் மோவாபியப் பெண். பொறுமைக்கு எடுத்துக்காட்டாகிய யோபுவைப் புறவினத்தவர் என்றே பலர் கொண்டனர். யோனா என்னும் தீர்க்கதரிசி அனுப்பப்பெற்றது பகைவர் நகராகிய நினிவேக்கு. அந்நகரத்தார் மனந்திரும்பியதும் இறைவன் இரங்கினான். சாலோமோன் தான் எடுத்த கோயிலில், தூரதேசத்து அயலான் வந்து வேண்டினும் கேட்டருள்க என்று இறைவனை வேண்டினான். முதல் மனிதனை இறைவன் தனியொருவனாகப் படைத்தது, எவனும் தன் தந்தை மற்றவன் தந்தையினும் மேலானவன் என்னாதவாறு செய்தற்கே என்பதும் அவர்கள் ஆசாரியர் கூறும் விளக்கம்.

விலக்கும் அதன் அளவும்

இவை ஒருபுறம் நிற்க, கடுமையான விலக்குகளும் அம்மரபில் உள. அவற்றை மறைத்தல் ஆராய்ச்சியாகாது. எருசலேமின் இரண்டாம் கோயிலிற் புறவினத்தார் வெளிமுற்றம் வரையே செல்லலாம். அதற்குமேற் கற்கைச்சுவர் ஒன்று இருந்தது. அதனைக் கடக்கும் அயலான் தன் மரணத்துக்குத் தானே பொறுப்பாளி என்னும் கிரேக்கக் கல்வெட்டு 1871-இற் கண்டெடுக்கப்பெற்றது. விக்கிரக வழிபாட்டினரின் திருநாளை ஒட்டிய நாட்களில் அவர்களோடு வணிகம் செய்தலையும், அவர்கள் தொட்ட திராட்சமதுவைப் பருகுதலையும் தால்முது விலக்கியது. தோராவைக் கற்கும் புறவினத்தான் தலைமைக்குருவுக்கு ஒப்பானவன் என்னும் மொழியும், அவன் தண்டத்திற்குரியன் என்னும் மொழியும் அந்நூலின் ஒரே இடத்திற் காணப்படுகின்றன. வேதங் கேட்டற்கு உரியர் இவர், உரியரல்லார் இவர் என விதி செய்த நாட்டிலுள்ள நாம் இதனைக் கண்டு வியத்தற்கு இடமில்லை.

ஆயினும் அதே தால்முது, புறவினத்து வறியோரைத் தம் வறியோரோடு சேர்த்துப் பேணுக எனவும், அவர்தம் நோயாளரைச் சென்று காண்க எனவும், அவர்தம் பிணங்களை அடக்கம் செய்க எனவும் ‘அமைதியின் வழிகள்’ பொருட்டு விதித்தது.

பிற்காலத்து இருவேறு அளவைகள் எழுந்தன. பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்த மைமோனிதீசு என்னும் பேராசிரியர், ஏழு கட்டளைகளையும் இறைவன் மோசே வழியாக அருளினான் என்று கொண்டு ஒழுகுபவனே இனங்களிலுள்ள பக்தன். தன் அறிவினால் மட்டும் தெளிந்து ஒழுகுபவன் அப்பெயர்க்கு உரியனல்லன் என்றார். இது நூலை அளவையாகக் கொள்வது. அடுத்த நூற்றாண்டிற் பெர்ப்பிஞான் நகரில் வாழ்ந்த மெய்ரி என்பார், சமய ஒழுக்கத்தாற் கட்டுண்டு வாழும் இனத்தார் எவராயினும் பழைய விக்கிரக வழிபாட்டினர் வகுப்பிற் சேரார். அவர்மேற் பழைய விலக்குகள் செல்லா என்றார். இஃது ஒழுக்கத்தை அளவையாகக் கொள்வது. இவ்விரு அளவைகளும் இன்றுவரை அம்மரபில் வழக்காடி வருகின்றன.

சித்தாந்தத்தின் நாற்பகுப்பு

இனி நம் மரபை நோக்குவோம். சமயங்களைப் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என நான்காக்கி, ஒவ்வொன்றையும் அறுவகைப்படுத்து இருபத்துநான்காகக் கொள்ளுதல் நம் ஆசிரியர் வழக்கு. வேதத்தையும் சிவாகமத்தையும் ஒருங்கே மறுப்பன புறப்புறம். உலகாயதமும் பௌத்தமும் சமணமும் அதன்பாற்படும். வேதத்தை உடன்பட்டு ஆகமத்தைக் கொள்ளாதன புறம். இரண்டையும் பொதுவாகக் கொண்டு வேறு நூலைச் சிறப்பாகப் போற்றுவன அகப்புறம். இரண்டையும் சிறப்பாகக் கொண்டும் முப்பொருளுண்மையை உணர்தலிற் பிழைபட்டன அகம்.

யூதர் சமயத்தை இதனுள் எவ்விடத்து வைப்பது? அவர்கள் வேதத்தையும் ஆகமத்தையும் அறியார். நூலளவையால் நோக்கின் அவர்கள் உலகாயதரோடு ஒருங்கு புறப்புறத்தில் நிற்றல் வேண்டும். ஆனால் அவர்கள் கொள்கையோ கடவுள் ஒருவன் என்பது. அவன் உலகைப் படைத்து நடத்துவான் என்பது. வினைக்குத்தக்க பயன் நுகர்விப்பான் என்பது. வருந்தித் திரும்பினார்க்கு அருள்வான் என்பது. கடவுளும் உயிரும் இல்லை என்னும் உலகாயதனோடு இவர்களை ஒரு வரிசையில் இருத்துதல் பொருந்துமோ? பொருந்தாதென்பது வெளிப்படை. எனவே மைமோனிதீசுக்கும் மெய்ரிக்கும் இடையே எழுந்த வழக்கே நமக்கும் எழுகின்றது.

அவ்வழக்கைத் தீர்க்கும் வாயில் நம் நூல்களிலேயே உளது. எத்தெய்வத்தை யார் வழிபடினும் அவ்வழிபாட்டை ஏற்றுப் பயன் அளிப்பவன் சிவபெருமானே என்று அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார் சுபக்கத்துள் நிறுவினார். புறச்சமய நெறியும் உயிர் ஏறிச்செல்லும் படிகளுள் ஒன்றே என்பதும் அவர் கருத்து. ஒவ்வொரு சமயத்தார்க்கும் அவரவர் உணர்வுக்கு ஏற்ற தத்துவத்தில் ஒரு பதம் உண்டென்றும் நம்மவர் கூறுவர். பதி, பசு, பாசம் என்னும் மூன்றும் சைவர்க்கு மட்டும் உரிய பொருள்களல்ல. ஆணவ மலம் எல்லா உயிர்க்கும் பொது. மலபரிபாகமும் சத்திநிபாதமும் உயிரின் பக்குவத்தை நோக்கி நிகழ்வன. இனத்தை நோக்கி நிகழ்வன அல்ல. சாக்கியர் வேடத்தோடு நின்றே சிவலிங்கத்தின்மேற் கல்லெறிந்து வழிபட்ட சாக்கிய நாயனார் அறுபத்துமூவருள் ஒருவராதல் இதற்குப் போதிய சான்று. அவர் வேடம் புறப்புறம், உள்ளம் அகம்.

இங்கு இரு மரபுகளின் வேற்றுமை தெளிவாகின்றது. யூதர், இறைவன் ஓர் இனத்தைத் தெரிந்துகொண்டு மிகுதியான கடமையை அதன்மேற் சுமத்தினான் என்பர். நம்மிடத்துத் தெரிந்துகொள்ளப்பெற்ற இனம் என்று ஒன்று இல்லை. அவர்கள் புறவினத்தானை அவன் இடத்திலேயே நிற்கவிட்டு, அவனுக்கென்று ஒரு சட்டத்தைக் காட்டுவர். நாம் அவன் நிற்கும் இடத்தைப் படி என்போம். பல பிறவியில் ஏறி வருக என்போம்.

நம் கொள்கை விரிந்ததென நாம் மகிழலாம். ஆனால் ஒரு யூதர் இதனைக் கேட்டால், நாங்கள் வணங்கும் இறைவனை உங்கள் இறைவன் என்றும், எங்கள் மறையை உங்கள் ஏணியின் கீழ்ப்படி என்றும் கூறுகின்றீர்கள். இஃது எங்களை ஏற்றுக்கொள்ளுதலா, விழுங்குதலா என வினவக்கூடும். அவ்வினாவைச் சித்தாந்தி எளிதிற் புறக்கணித்தல் கூடாது. பரபக்கத்துள் எதிரியின் கொள்கையை முதலில் அவன் கூறியவாறே எடுத்துரைத்துப் பின்னரே ஆராய்ந்தார் அருணந்தியார். பிறன் சமயத்தை அவன் வாயாற் கேட்டறிதல் ஆராய்ச்சிக்கு முதற்கடன் என்பது அதனாற் பெறப்படும்.

முடிகாணிக்கை பற்றிய வழக்கு

கேட்டறியாது தீர்ப்புச் சொல்லுதலின் இடர் யாதென்பதற்கு அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று சான்றாம். யூதருள் ஆசாரம் மிக்க மகளிர் மணத்தின்பின் தம் கூந்தலை மறைத்தற்குப் பொய்முடி அணிவதுண்டு. அதற்குரிய மயிர் நம் நாட்டுத் தலங்களில் அடியார் இறக்கும் முடியினின்றும் செல்கின்றது. 2004-இல் எருசலேமின் முதுபெரும் ஆசாரியர் எலியாசீவ் என்பார், திருப்பதியில் இறக்கப்பெறும் முடி விக்கிரகத்திற்கு இட்ட படையலாகும், அதனை அணிதல் தகாது என்று தீர்ப்பளித்தார். அமெரிக்காவிற் புரூக்ளின் வீதிகளிற் பொய்முடிகள் எரிக்கப்பெற்றன.

பழநியாண்டவர்க்கு முடியிறக்கும் கொங்குநாட்டார்க்கு இத்தீர்ப்பு வியப்பளிக்கும். ஆகம விதிப்படி மயிர் பூசைப்பொருளாகாது. முடியிறக்குமிடம் திருமுன்னிலையன்று; முடியிறக்கியோன் நீராடித் தூயனாகியே திருமுன் செல்கின்றான். இறைவன்முன் இடப்பெறாத பொருள் நிவேதனமும் ஆகாது, நிர்மாலியமும் ஆகாது. தன் அழகின்மேல் உள்ள ‘நான்’ என்னும் பற்றை விடுதலே அச்செயலின் பொருள். ஆயினும் நம் மக்கள் அதனை ‘முடிகாணிக்கை’ என்றே வழங்குகின்றனர் என்பதையும் நாம் ஒப்புக்கொள்ளல் வேண்டும். அச்சொல்லைக் கேட்ட அயலான் அதனைப் படையல் என்று கொள்ளின் அவன்மேற் பெரும்பிழை இல்லை. நம் செயலின் பொருளை நாமே தெளிவாக உரையாமை நம் பிழை.

இக்குறையை நீக்குதற்கு முயன்றவருள் கோவையை அடுத்த ஆனைகட்டியில் ஆர்ஷ வித்யா குருகுலத்தை நிறுவிய தயானந்த சரசுவதி சுவாமிகள் குறிப்பிடத்தக்கவர். அவர் முன்னின்று நடத்திய ஆசாரிய சபையினரும் இசுரவேல் நாட்டுத் தலைமை ஆசாரியர்களும் 2007-இற் புதுதில்லியிலும் 2008-இல் எருசலேமிலும் கூடி அளவளாவினர். இந்துக்கள் வழிபடுவது பரம்பொருள் ஒன்றனையே. உருவத்தின் வாயிலாக வேண்டும்போதும் அவர்கள் அவ்வொன்றனையே நோக்குகின்றனர் என்னும் கருத்து எருசலேம் அறிக்கையில் இடம்பெற்றது. அதனால் வேற்றுமை முற்றும் ஒழிந்ததென்று கொள்ளற்க. சிவஞானபோதப் பன்னிரண்டாம் சூத்திரம் அடியார் திருவேடத்தையும் திருக்கோயிலையும் இறைவனாகவே கண்டு தொழுமாறு விதிக்கின்றது. யூதர் மறையோ உருவத்தை முற்றும் விலக்குகின்றது. இவ்வேற்றுமை உண்மையானது. அதனை மறையாமலே ஒருவரையொருவர் மதித்தல் இயலும் என்பதே அக்கூட்டங்களாற் பெற்ற பயன்.

அகத்துள்ளே எழுந்த வேலி

இறுதியாக ஒன்று கூறவேண்டும். புறத்தாரை விலக்க எழுப்பிய வேலி நாளடைவில் அகத்தாருக்குள்ளேயே எழுதல் உலகியல்பாயிற்று. யூதர் சமயத்திற் புறவினத்தான் ஒருவன் புகவிரும்பின், மூவர் கொண்ட மன்றத்தின்முன் விருத்தசேதனமும் நீராட்டும் பெற்று யூதனாகலாம். ஆனபின் அவனுக்கு அவன் பழைய நிலையை நினைவூட்டி வருத்துதல் குற்றம். அவ்வாறு புகுந்த ஒபதியா என்பவர், ‘எம் முன்னோரின் இறைவன்’ என்று தாமும் வேண்டலாமோ என வினவியபொழுது, ஆபிரகாம் உமக்கும் தந்தையே, தயங்காது கூறுக என மைமோனிதீசு விடை எழுதினார். நம் தந்திரங்களுள்ளும் சுவச்சந்தம், தீட்சை பெற்றவனுடைய முன்னைச் சாதியை எடுத்துரைத்தல் பாவம் என்று விதிக்கின்றது. இவ்வளவில் இரு மரபும் ஒத்துநிற்கின்றன.

விதி இங்ஙனமாக, நடந்தது வேறு. கொச்சியின் பரதேசி யூதர், விடுதலைபெற்ற அடிமைகளின் வழிவந்தோரை யூதரென்று ஒப்பியும் தொழுகைக்கூடத்தின் முன்மண்டபத்திலேயே இருத்தினர். மறையோதும் உரிமையையும் மறுத்தனர். முறையாக நீராட்டுப் பெற்றோர் முழு யூதரே என்று கெய்ரோவிலிருந்த ஆசாரியர் தாவீது இப்னு சிம்ரா பதினாறாம் நூற்றாண்டிலேயே கொச்சிக்கு எழுதியிருந்தும் வழக்கம் மாறவில்லை. அவ்வகுப்பிற் பிறந்த வழக்கறிஞர் ஆபிரகாம் பாரக் சேலம் (1882–1967) இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அத்தொழுகைக்கூடத்தினுள்ளேயே அறப்போர் தொடங்கினார். பின்னரே அவ்வுரிமைகள் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. 1948-இல் இசுரவேல் நாடு தோன்றியபின் கொச்சி யூதரிற் பெரும்பாலோர் அங்குக் குடிபெயர்ந்தனர்.

அக்காலத்தே நம் நிலை யாது? வைக்கத்து மாதேவர் கோயிலைச் சூழ்ந்த வீதிகளிற் சிலர் நடத்தலும் ஆகாது என்றிருந்தது. 1924-இல் அங்கே அறப்போர் எழுந்தது. கொங்குநாட்டு ஈரோட்டினின்று இராமசாமிப் பெரியார் சென்று சிறைபுகுந்தார். திருவிதாங்கூரிற் கோயில்கள் எல்லார்க்கும் திறக்கப்பெற்றது 1936-இல், மதுரையில் 1939-இல். எருசலேமின் கற்கைச்சுவர் அயலினத்தானைத் தடுத்தது. நாம் எழுப்பிய சுவரோ, சிவனைத் தன் இறைவனென்றே தொழுதவனைத் தடுத்தது. நந்தனாரை நாயனாராகப் போற்றிக்கொண்டே அவர் இனத்தாரை வாயிலில் நிறுத்திய நாம், பிறர் சமய விலக்குகளைக் குறைகூறுமுன் இதனை நினைதல் வேண்டும்.

முடிபு

இதுகாறும் ஆராய்ந்தவற்றாற் பெறப்படுவன இவை. அகம் புறம் என்னும் பகுப்புச் சமயத்திற்கு இன்றியமையாதது. அஃதின்றேல் ஒழுக்கத்திற்கு உறுதியில்லை. அப்பகுப்புத் தன்னைச் சார்ந்தார்க்குக் கடமையை வரையறுக்குமளவிற் பயனுடையது. இறைவன் யார்க்கு அருள்வான் என்பதனை வரையறுக்கப் புகின் அது தன் எல்லையைக் கடந்ததாகும். யூத ஆசாரியருட் சிறந்தோர் இதனை ஏழு கட்டளைகளாலும் அமைதியின் வழிகளாலும் உணர்த்தினர். நம் ஆசாரியர் திருவருளின் பொதுமையால் உணர்த்தினர். அயலானை அவன் நெறியிலேயே நிற்கவிட்டு மதித்தலை நாம் அவர்பாற் கற்கலாம். பிறப்பினால் எவரும் அருளுக்குப் புறம்பாகார் என்பதனை நாம் உலகிற்கு உரைக்கலாம். முதற்கண் நம் கோயில் வாயில்களில் நின்று அதனை நாமே கற்றபின்.

கொங்குநாட்டார்க்கு இது புதிய பாடமன்று. விசயமங்கலத்துச் சமணக் கோயில் இந்நாட்டில் இன்றும் நிற்கின்றது. சமணராகிய பவணந்தியார் இயற்றிய நன்னூலைச் சைவ மடங்கள் பாடமாகப் போற்றின. அதற்குச் சங்கரநமச்சிவாயர் விருத்தியுரை எழுத, அதனைச் சிவஞானமுனிவர் திருத்தினார். புறப்புறச் சமயத்தார் நூலைத் தமிழிலக்கணத்திற்கு ஆசானாக ஏற்ற அப்பெரியோர் தம் சித்தாந்தத்தினின்றும் அணுவளவும் வழுவினாரல்லர். உறுதியும் மதிப்பும் ஓருள்ளத்தில் ஒருங்கு நிற்கும் என்பதற்கு அவர்களே சான்று. அவ்வழி நிற்றல் நம் கடன்.